தூணில் நின்ற சனி

அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. நாள் பார்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவன் இப்படி எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். செவ்வாயாக இருந்தால் ரத்தினவேலின் மனைவி கண்ணாத்தாள் ஜோசியம் பார்க்க வந்திருக்க மாட்டாள். செவ்வாயன்று அவள் எந்த நல்லது கெட்டதையும் பேச மாட்டாள். ஆகவே புதன் என்றே வைத்துக்கொள்கிறேன். மற்றவையும் நான் நினைத்திருக்கும் வரிசையில்தான் நடந்தனவா என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. ஆனால் நடந்தன என்பதில் சந்தேகமில்லை.

'ஜாதகம் மட்டும் பார்த்தேன், மருந்து எதுவும் கொடுக்கவில்லை' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த இரண்டு வரியும் உண்மைதான். ஆனால் ரத்தினவேலின் மகள் சத்யபிரியா கொடுத்த புகாரை நீங்கள் வாசித்துக் காட்டியபோது, அதில் ஒரு விஷயம் விடுபட்டிருப்பதைக் கவனித்தேன். அவளுக்கு அது தெரிய வழியில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என்னைக் கோட்டை ஜோசியர் என்பார்கள். வல்லத்திராக்கோட்டைக்காரன் என்பதால் வந்த பெயர் அல்ல. கோட்டைச் சக்கரம் என்று ஒன்று உண்டு. சதுரத்துக்குள் சதுரமாக வரைய வேண்டும். வெளியே இருப்பது கோட்டைக்கு வெளி, அடுத்தது மதில், அதற்குள் உள்கோட்டை, நட்டநடுவில் தூண். பிறந்த நட்சத்திரத்தில் தொடங்கி இருபத்தெட்டு நட்சத்திரங்களையும் கட்டங்களில் நிரப்பி, இன்று கிரகங்கள் எந்தக் கட்டத்தில் நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். கெட்ட கிரகம் மூலை வழியாக உள்ளே வரும். தூணில் வந்து நின்றால் கோட்டைக்கு ஆபத்து. தூணைத் தாண்டிவிட்டால் வெளியேறும் வழிக்குப் போய்விட்டது என்று பொருள். அரசர்கள் முற்றுகைக் காலத்தில் இதைப் பார்த்தார்களாம். இப்போது யாரையும் யாரும் முற்றுகையிடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிறவர்களும் என்னிடம் வருவார்கள்.

ரத்தினவேல் குவைத்தில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவர். திரும்பி வந்து, தைலமரம் போட்டிருந்த நிலத்தைத் திருத்திக் கடலை போட்டிருந்தார். இதயத்தில் மூன்று அடைப்பு. அன்று மனைவியோடு வந்தார்.

"அண்ணே, திருச்சி டாக்டரு ஏப்ரல் முப்பதாந் தேதி வியாழக்கெழமை ஆபரேசன்னு குறிச்சிட்டாரு. நெஞ்சைப் பொளக்கணுமாம். நீங்க ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்க" என்றாள் கண்ணாத்தாள்.

"பொளந்து பாத்தாலும் உள்ள ஒண்ணும் இருக்காது ஜோசியரே. முப்பது வருசமா இவ அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கா" என்றார் ரத்தினவேல்.

நான் வரையத் தொடங்கியதும் எட்டிப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய கோட்டைக்கு ஒரு வாட்ச்மேன் போடலையா?"

"செத்த சும்மா இருங்க. வெளையாடுற நேரமா இது?"

நானும் சிரித்தேன். அவர் பிறந்த நட்சத்திரமான ஆயில்யத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டே எழுதினேன். சனி உத்திரட்டாதியில் நடக்கிற காலம். அது பதினெட்டாவது கட்டமாக வந்தது. பதினெட்டு என்றால் தூண்.

சொல்வதற்கு முன் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அது என் பழக்கம். அந்த அமைதியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

"தூண்ல சனி நிக்குது ஆத்தா. வைகாசி மூணாந் தேதிதான் ரேவதிக்கு நகருது. அதுவரைக்கும் ஒடம்புல கத்தி படக் கூடாது. பட்டா கோட்டை விழுந்துரும்."

கண்ணாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ரத்தினவேல் அதற்கும் ஏதோ சொன்னார், அது நினைவில்லை.

அவர்கள் போய் அரை மணி நேரம் இருக்கும். தேநீர் குடித்துக்கொண்டே நோட்டைப் பார்த்தேன். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

இதை விளக்கிவிடுகிறேன். எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்வது இருபத்தேழு நட்சத்திரங்கள்தான். கோட்டைச் சக்கரத்தில் மட்டும் உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் நடுவே அபிஜித் என்று ஒன்று கூடுதலாக வரும். வாய்ப் பழக்கத்தில் அதைத் தாண்டிப் போயிருந்தேன். அதைச் சேர்த்து எண்ணினால் உத்திரட்டாதி பத்தொன்பதாவது கட்டம். அப்படியானால் சனி தூணில் இல்லை. தை மாதமே தூணை விட்டு நகர்ந்து வெளியேறும் வழியில் இருந்தது. மற்ற கெட்ட கிரகங்களையும் பார்த்தேன். எதுவும் தூணில் இல்லை. உள்ளே இருந்தவையும் வெளியே போய்க்கொண்டிருந்தன. மருத்துவர் குறித்த வியாழக்கிழமையை நானே தேடியிருந்தாலும் அதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது.

காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் 'அபிஜித்' என்று எழுதினேன். அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. ஆனால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இருபத்தெட்டும் நிரம்பியிருப்பதாகத் தெரியும். பேனா மாறிவிட்டது, மற்றவை கறுப்பு, அது மட்டும் நீலம். நோட்டு என் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாத்தாளின் எண் என் செல்போனில் இருந்தது. கூப்பிடலாமா என்று யோசித்தேன். ஒருமுறை தவறு என்று சொன்னால், இதுவரை சொன்னவற்றையெல்லாம் ஊர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். மேலும் நான் அவர்களை ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வாரம் பொறுக்கத்தான் சொன்னேன். மூன்று வாரம் பொறுக்காத நோய் எப்படியும் பொறுக்காது என்று அன்று எனக்குத் தோன்றியது. அது நியாயமாகவும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சத்யபிரியா ஸ்கூட்டியில் வந்தாள். திருச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

"மாமா, நான் சண்டைக்கு வரலை."

"வாம்மா, உக்காரு."

"அப்பாவுக்கு ஒரு அடைப்பு தொண்ணூறு பர்சென்ட். தள்ளிப் போடவே கூடாதுங்குறாரு டாக்டர். அம்மா நீங்க சொன்னாத்தான் அசையும். நீங்க பாத்தது தப்புன்னு நான் சொல்லலை. ஒரு பரிகாரம் மட்டும் சொல்லுங்க மாமா. குடுமியான்மலையில அர்ச்சனையோ என்னமோ. அதைச் செஞ்சுட்டு வியாழக்கெழமையே போகலாம்னு சொல்லிருங்க. ஒங்க பேரும் கெடாது, எங்கப்பாவும் பொழைச்சுக்குவாரு."

புத்திசாலிப் பெண். எனக்கே தோன்றாத வழி அது. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சனி தூணில் இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லாத தோஷத்துக்குப் பரிகாரம் சொல்வது பொய். அப்படிப் பொய்ப் பரிகாரம் சொல்லிப் பிழைக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

"தூண்ல நிக்கிற சனிக்குப் பரிகாரம் கெடையாதும்மா" என்றேன்.

"நீங்க திட்டுனாக்கூடப் பரவாயில்லை மாமா. இப்படிப் பேசாம இருந்துட்டுச் சொல்றீங்க பாருங்க, அதான் பயமா இருக்கு." எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள். "அந்த மூணாந் தேதி வரைக்கும் எங்கப்பா இருப்பாரா? அதையாவது பாத்துச் சொல்லுங்க."



வியாழக்கிழமை வந்து போனது. ரத்தினவேல் கடலை வயலுக்கு நடந்து போய்த் திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பதினோரு நாள் கழித்துத் திங்கள்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கண்ணாத்தாள் போன் செய்தாள்.

"அண்ணே, இவுகளுக்கு வேர்த்துக் கொட்டுது. எடது கையி வலிக்குதுங்குறாக. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் காரு ஓட்டுற சரவணக்குமார் வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்காரு. படி தாண்டலாமாண்ணே?"

பின்னாலிருந்து ரத்தினவேலின் குரல் மெதுவாகக் கேட்டது. "சனி கொஞ்சம் தள்ளி ஒக்காருவாரான்னு கேளுடி."

"இப்ப வேண்டாம் ஆத்தா. பன்னெண்டு பத்துக்கு மேல கெளம்புங்க."

"அதுவரைக்கும் தாங்குமாண்ணே?"

"தாங்கும்."

பன்னிரண்டு பத்து என்பது எந்தக் கணக்கிலும் வந்ததல்ல. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது இருந்தது. ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டேன். வைகாசி மூன்றுக்கு ஆறு நாள்தான் பாக்கி இருந்தது. அன்றைக்கே போய்ப் பிழைத்து வந்திருந்தால், சனி தூணில் நிற்கும்போதே பிழைத்தார் என்று ஆகியிருக்கும். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி என்பது எனக்குத் தெரியும். கார் நிற்கிறது என்பதும் தெரியும். இந்த இரண்டையும் தெரிந்துதான் சொன்னேன்.

சரவணக்குமார் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாராம். பதினொன்று முப்பத்தைந்துக்கு ரத்தினவேல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் துக்கத்துக்குப் போனேன்.

இனி எழுத அதிகம் இல்லை. ரத்தினவேலின் சாம்பலை மணமேல்குடிக் கடலில் கரைத்தார்கள். கடலையைப் பங்காளிகள் பிடுங்கினார்கள். சரவணக்குமார் அந்தத் தெருவுக்குச் சவாரி வருவதில்லை. ஜோசியர் சொன்னபடியே கோட்டை விழுந்துவிட்டது என்று கண்ணாத்தாள் துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்; என்னைத் தேடி இப்போது அறந்தாங்கியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, மகள் போலீசுக்குப் போகப் போகிறாள் என்று அழுதாள். இரண்டு வருடத்துக்குள் மகள் அந்த வீட்டுப் படி ஏறினால் தாயின் உயிருக்கு ஆகாது என்று சொன்னேன். மகளின் ஜாதகத்தைக் கொண்டுவரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சத்யபிரியா திருச்சியில் விடுதியில் இருக்கிறாள். அம்மா அவள் போனை எடுப்பதில்லை. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். நான் சொன்னது எதுவும் இதுவரை தவறியதில்லை.