சராசரி சரியாக இருந்த சாலை

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

நேற்று மின்விசிறிக்கு நேர் கீழே நீங்கள் அமர்ந்திருந்தீர்கள். உங்கள் வலப்பக்கம் ஒப்பந்தக்காரர், கைபேசியில் கண்ணாக. சன்னலோரம் நான், சாலைக்குத் தார்க்கலவை தயாரிக்கும் ஆலையின் பொறுப்பாளர். சுவரோரப் பெஞ்சில் கணவனைப் பறிகொடுத்த என் தங்கை. ரோலர் ஓட்டுநருக்கு மட்டும் யாரும் நாற்காலி தரவில்லை, கதவோரம் நின்றார். அவர் ஒழுங்காக உருட்டாததால்தான் புதுச் சாலையின் வளைவு வழுக்கி விபத்து நடந்தது என்று முடிவு கட்டினீர்கள். இனி அவர் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்த மனிதருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் உங்களுக்கும் கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆலைக்கு இரண்டு இடங்களிலிருந்து ஜல்லி வரும். ஒன்று முனை முனையாக உடைந்த கல், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மற்றது வழவழப்பான உருண்டைக் கல், மேலெல்லாம் தூசி. தார் சரியாக ஒட்டாது. இரண்டையும் தனித்தனியே சோதித்து, சுமைக்குச் சுமை தார் அளவை மாற்ற வேண்டும் என்றேன். தளப் பொறியாளர், அதாவது என் தங்கை கணவர், எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார்.

"விட்டா மச்சான் ஒவ்வொரு ஜல்லிக்கும் பேர் வெச்சுத் தொட்டில் கட்டுவாரு. சராசரி சரியா இருந்தா போதும் மச்சான், கலந்து அனுப்புங்க."

ஆலை ஆட்களும் சிரித்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர் சொன்னால் எதுவும் நகைச்சுவைதானே.

சராசரிதானே கேட்டார், கொடுத்தேன். நல்ல கல் முழுவதும் நேர்ச்சாலைக்குப் போயிற்று, தாரைச் சற்றே குறைத்து. உருண்டைக் கல் முழுவதும், தாரைத் தாராளமாக விட்டு, இறக்கத்து வளைவுக்கு. அன்றைய மாதிரிகளின் சராசரியில் அப்பழுக்கில்லை. மாப்பிள்ளையே கையெழுத்திட்டார். வெயிலில் தார் மேலே கசிந்து, வளைவு கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"பாத்தீங்களா மச்சான், என்னமா இருக்கு!" என்று தோளைத் தட்டினார். தினமும் மாலை அவர் பைக்கில் வீடு திரும்பும் வழி அது. மழைதான் பாக்கி.

பழிவாங்கல் என்று எழுதிவிடாதீர்கள். இது ஒரு சோதனை. ஒருமுறை சறுக்கி, முட்டி சிராய்த்து, நான் சொன்னதுதான் சரி என்று என்னிடம் வந்து ஒப்புக்கொண்டிருந்தால் போதும். எதிரே லாரி வந்ததற்கு நான் பொறுப்பல்ல. பின்னால் அவர் மகள் உட்கார்ந்திருந்ததற்கும்தான். குழந்தை பிழைத்துக்கொண்டாள், கால்தான் இன்னும் ஊன்ற முடியவில்லை.

இப்போது தங்கை அறைக்குள் வந்தாள்.

"யாருக்குண்ணா எழுதறீங்க?"

"ரோலர்காரர் மேல தப்பில்லைன்னு."

"எழுதுங்கண்ணா. உங்களுக்குத்தான் இந்த மனசு வரும்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அன்னிக்கும் வழக்கம்போல நீங்களே பாப்பாவைக் கூட்டிட்டு வந்திருந்தா..."

உண்மைதான். பள்ளியிலிருந்து அவளை அழைத்து வருவது என் வேலை. அன்று மேகம் கூடியதும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க" என்றேன். மழையில் அந்த வளைவில் நான் வண்டி ஓட்டுவதில்லை.

உறையை ஒட்டித் தங்கையிடம் தருகிறேன். கடைக்குப் போகும்போது தபால்பெட்டியில் போட்டுவிடுவாள். வானம் கறுத்திருக்கிறது. வளைவுப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். குடும்பத்தில் யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டுமே.