கரப்பானுக்கு ஜன்னலோரம்

தொண்ணூற்றொன்றில் ஒரு மதியம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் பேருந்து. என் முன்னிருக்கையில் ஜன்னலோரம் ஒரு பெண். மடியில் கன்னமெல்லாம் கரப்பான் படர்ந்த கைக்குழந்தை. பக்கத்து இருக்கையிலிருந்த, வயதில் மூத்தவள் கேட்டாள்.

"எங்கம்மா எறங்கணும்?"

"எங்கியும் இல்லக்கா. வயக்காத்து பட்டாதான் சொறியாம தூங்குறான். இதே பஸ்ல திரும்பிடுவேன்."

"வூட்ல இன்னா பண்ற?"

"டெய்லி சோப்பு போட்டு நல்லாத் தேச்சிடுவேன்."

"அதான் தோலு காஞ்சிகீது. சோப்ப வுடு. குளிப்பாட்டி, ஈரம் காயறதுக்குள்ள தேங்காண்ண தடவு. ஆமா, நீ எப்பம்மா தூங்குன?"

அதற்குள் குழந்தையோடு தாயும் தூங்கிவிட்டிருந்தாள். கன்னத்துக்குப் போன குழந்தையின் கையை மூத்தவள் மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தார். "யக்கா, ஒன் ஸ்டாப்பு ஒரகடம் வந்துடுச்சி. எறங்கலியா?"

"கைய வுட்டா சொறிஞ்சிக்குவாம்ப்பா. நீ போ. விசில மட்டும் மெதுவா ஊது."