பன்னெண்டு வாய்தா

நகந்து உக்காருங்க. கேஸுதான் நமக்குள்ள, பெஞ்சு அரசாங்கத்துது. யாராச்சும் பாத்தா பாக்கட்டுமே! புருசனும் பொண்டாட்டியும் ஒரே பெஞ்சுல உக்காரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்காம்?

சட்டை புதுசா? மீசைக்கு மையி வேற. நடக்காத கேஸுக்கு இம்புட்டுச் சோடனை!

இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன், எதுக்கு வாரீங்க? மதுரை ஐகோர்ட்டுல நான் தடை வாங்கி வருசம் ஒண்ணாச்சு. அங்கிட்டு ஒரு முடிவு சொல்ற வரைக்கும் இந்த அறந்தாங்கி ஜட்ஜய்யா நம்ம கேஸுக் கட்டைத் தொடவே முடியாது. டவாலி வந்து எழிலரசன், சொர்ணவல்லின்னு கூப்புடுவாரு. ஸ்டே இருக்குங்கய்யான்னு வக்கீலு சொல்லுவாரு. அடுத்த வாய்தா. ரெண்டு நிமிசம். அதுக்கு ஆளு வரவேண்டாம்னு உங்க வக்கீலு சொல்லலையா? சொல்லிட்டாரா? அப்பறம்?

ஓ, நீ எதுக்கு வாரேன்னு கேக்குறீங்களாக்கும். கேளுங்க, கேளுங்க. அன்னவாசல்லேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி இங்க வர என் ஒடம்பு தாங்காது, கேஸைப் புதுக்கோட்டைக்கு மாத்துங்கன்னுதான் மதுரையில மனுப் போட்டேன். போட்டுட்டு, பன்னெண்டு வாய்தாவுக்கும் ஒண்ணு விடாம வந்துருக்கேன். சிரிக்காதீங்க, ஜட்ஜய்யா காதுல விழுந்துறப் போகுது.

பின்ன என்னங்க? ஆவுடையார்கோவில்ல நம்ம வீட்டை விட்டுக் கோவிச்சுக்கிட்டு அன்னவாசல்ல ஆத்தா வீட்டுக்குப் போனேன். நாலு நாள்ல வந்து கூப்புடுவீங்கன்னு பாத்தா, விவாகரத்து நோட்டீஸுல்ல அனுப்புனீங்க! அதுல நான் உங்கள மதிக்க மாட்டேங்கிறேன்னு வேற. சரி, அது நெசந்தான். அதுக்காக அத்து விட்டுருவீங்களா? பயந்துபோயிட்டேன். அதான் மதுரைக்கு ஓடுனேன்.

என்னது, கடலையா? குடுங்க. எனக்குக் கடலை புடிக்கும்னு உங்க மனுவுல எழுதலையே?

டவாலி வந்துட்டாரு. இருங்க, ஒண்ணு சொல்லிடுறேன். நேத்து மதுரையில என் மனுவத் தள்ளிட்டாங்க. தடை போச்சு. நேத்து ராத்திரி பூரா தூங்கல. ஆர்டரு இங்க வந்துசேர ஒரு வாரமாகுமாம், அதனால இன்னைக்கு எப்பவும் போல வாய்தாதான். அடுத்த தடவதான் நெசமா விசாரிப்பாங்க. இங்க கேஸு போட்ட ஆளு, அதான் நீங்க, அன்னைக்கு வரலைன்னா கேஸே தள்ளுபடியாயிருமாம்.

உங்க இஷ்டந்தான். அந்த ஒரு வாய்தாவுக்கு மட்டும் வராம இருங்களேன். நானும் அறந்தாங்கியில எறங்க மாட்டேன், நேரா ஆவுடையார்கோவிலுக்கு டிக்கெட் எடுத்துருவேன். வீட்டுல இருங்க.