பேனல் பொய் சொல்லும்

முதலில், மனிதகுலத்தின் நன்மைக்காக ஓர் அறிவிப்பு. இரண்டு பேர் சாப்பிட்ட தட்டுகளைச் சுத்தமாக்க நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் போதும். தட்டில் ஒட்டியதை ரொட்டியால் வழித்து, ரொட்டியைத் தின்றுவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரைத் தெளிப்புப் புட்டியால் இரண்டு முறை பீய்ச்சி, பழைய செய்தித்தாளால் துடைத்தால் முடிந்தது. நாகரிகம் என்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம், குழாயைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போய் அரட்டை அடிக்கிறவர்கள் கிளப்பிவிட்டது.

டெபுடி ஷெரிஃப் ஒகாம்போ, நீங்கள் கொடுத்த பாட்டிலில் பாதி குடித்துவிட்டு மூடியைத் திருகி வைத்திருக்கிறேன். உங்களுடையது திறந்தே கிடக்கிறது. இந்த அறையின் காற்று உலர்ந்த காற்று. சாயங்காலத்துக்குள் ஒரு கரண்டியாவது ஆவியாகிவிடும். குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உங்க மனைவிக்கு அது தெரியுமா, தெரியாதா?" அதற்குத்தான் வருகிறேன். லோர்னா இறந்தது முப்பத்தேழாம் நாள் காலை. முப்பத்தேழாம் நாளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதல் நாளிலிருந்து வரவேண்டும்.

என் பெயர் ஆர்வில் டானஹில். வயது அறுபத்தொன்பது. அயோவாவில் ஒரு சின்ன ஊரில் முப்பத்தோரு வருஷம் நகராட்சியின் தண்ணீர் மீட்டர்களைப் படித்தவன். மீட்டர் படிக்கிறவனை யாரும் உள்ளே வாவென்று கூப்பிட மாட்டார்கள். ஆனால் யார் வீட்டில் தினம் இரண்டு முறை குளிக்கிறார்கள், யார் புல்தரையைக் குழந்தை மாதிரி வளர்க்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பாதிரியாருக்குக்கூட அவ்வளவு தெரியாது. லோர்னா என்னைக் "கமிஷனர்" என்று கூப்பிடுவாள். கேலி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நாற்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் அதை ஒருநாளும் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இருபத்திரண்டு அடி டிரெய்லர் வாங்கினோம். ஒன்பது குளிர்காலமாக இந்த அரிசோனா பாலைவனத்தில் வந்து தங்குகிறோம். வடக்கே பனி பெய்ய ஆரம்பித்ததும் எங்களைப் போன்ற நரைத்தலைகள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கூரையில் சூரியப் பலகை இருப்பதால் விளக்குக்கும் மின்விசிறிக்கும் கவலையில்லை. ஆளை ஊருக்குத் துரத்துவது தண்ணீர்தான். எங்கள் டேங்க் நாற்பது கேலன் பிடிக்கும். சாதாரணத் தம்பதி ஐந்தே நாளில் தீர்த்துவிட்டு, பத்தொன்பது மைல் தள்ளியிருக்கிற ஊருக்கு அசடு வழியப் போவார்கள். நாங்கள் பதினெட்டு நாள் தாங்கினோம். குளியல் என்றால் நனை, அடை, சோப்புப் போடு, திற, அடை. சுடுதண்ணீர் வருவதற்கு முன்னால் வருகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்து, அதில் கைகழுவி, அதையே கழிப்பறைக்கு ஊற்றுவோம். ஒரு தண்ணீருக்கு இரண்டு வேலையாவது கொடுக்காமல் அதை நான் வெளியே விட்டதில்லை.

இந்த ஜனவரியில், முகாமின் வருடாந்தரக் கூட்டத்தில் இதைப் பற்றி உரையாற்றினேன். மடக்கு நாற்காலிகளில் பதினாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் டோனட்டுக்காக வந்தவர்கள். நாற்பது கேலனில் இரண்டு பேர் நாற்பது நாள் வாழலாம் என்று சொல்லி நிறுத்தினேன். கைதட்டலுக்காக நிறுத்திய இடத்தில் கர்ட் லண்ட்ஸ்ட்ராம் பேசிவிட்டான். மினசோட்டாவில் மருந்துக்கடை வைத்திருந்தவன், எதிலும் அளவு கேட்கிறவன்.

"நாப்பது நாளா? நாலாம் நாளே உன் பொண்டாட்டி உன்னையே பிழிஞ்சு குடிச்சிடுவா, ஆர்வில்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்கள் பதின்மூன்று பேர் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி தொடங்கினோம். டேங்க் நிரம்பியதும் அதன் வாயில் கர்ட் ஒரு பட்டை நாடாவை ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டான். நாடா கிழிந்திருந்தால் தோல்வி. வெளியிலிருந்து ஒரு சொட்டு வந்தாலும் தோல்வி. வழக்கமாக ஏப்ரலில் எல்லாரும் வடக்கே கிளம்பிவிடுவோம். இந்த வருஷம் நாங்கள் மட்டும் மே ஆறு வரைக்கும் இருப்பதாக அறிவித்தேன்.

டிரெய்லரில் அடுப்புக்கு மேலே ஒரு பேனல் உண்டு. பொத்தானை அழுத்தினால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று விளக்குகள் சொல்லும். முக்காலே அரைக்கால் என்றெல்லாம் இல்லை; முழுசு, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, காலி. அவ்வளவுதான். 'பேனல் பொய் சொல்லும்' என்பது எங்கள் முகாமில் காலை வணக்கம் மாதிரி. கழிவுத் தொட்டியில் எதுவோ ஒட்டிக்கொண்டு, காலியான பிறகும் நிரம்பியதாகக் காட்டும். ஆனால் நல்ல தண்ணீர் விளக்கு பெரும்பாலும் உண்மைதான் பேசும். அதுதான் பிரச்சினை. மூன்றில் இரண்டு எரிகிறதென்று பார்க்கிற பெண்பிள்ளைக்குத் தலைக்குக் குளிக்கலாமே என்று தோன்றும். முப்பத்தோரு வருஷம் மீட்டர் படித்தவனாகச் சொல்கிறேன், மனிதர்கள் தாகத்துக்காகக் குடிப்பதில்லை. இருக்கிறது என்பதற்காகக் குடிக்கிறார்கள்.

ஆகவே பதினாலாம் நாள், கட்டிலைத் தூக்கி, டேங்கின் பக்கவாட்டில் இருந்த ஒரு ஒயரைக் கழற்றினேன். விளக்கு ஒரு படி இறங்கியது. இருபத்தோராம் நாள் இன்னொரு ஒயர். அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தினால் 'காலி' மட்டும்தான் எரியும். பாதிக்கு மேலேயே இருந்தது.

லோர்னா பொத்தானை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தாள். "பேனல் பொய்தானே சொல்லும்?" என்றாள்.

"இந்தத் தடவை இல்ல" என்றேன்.

மறுநாள் பக்கத்து வண்டி ஜெனீவா பர்டிடம் அவள் பேசியது என் காதில் விழுந்தது. ஜெனீவாவுடையது நூறு கேலன் பிடிக்கிற பெரிய வண்டி. அவள் தினமும் குளிக்கிறவள், நாயையும் குளிப்பாட்டுகிறவள். ஒரு குடுவைத் தண்ணீரை லோர்னாவின் கையில் திணிக்கப் பார்த்தாள். லோர்னா வாங்கவில்லை.

"வேணாம் ஜெனீவா. பேனல் பொய் சொல்லும், ஆர்வில் சொல்ல மாட்டான். அவன் பாத்துக்குவான். இதை வாங்கினேன்னு தெரிஞ்சா அவன் மனசு விட்டுப்போயிடும்."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு ஜெனீவாவே சாட்சி. அவள் இருபத்தொன்பதாம் நாள் யூமா நகரத்துப் பக்கம் கிளம்பினாள். போகும்போது எங்கள் வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். உங்களை அனுப்பியதும் அவள்தான் என்று சொன்னீர்கள்.

முப்பத்தோராம் நாள் வெயில் ஏறியது. நூற்றைந்து டிகிரி. சூரியப் பலகையால் குளிர்சாதனத்தை இயக்க முடியாது. லோர்னா கிளம்பலாம் என்றாள். ஒன்பது நாள்தானே என்றேன். டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியை அவளுக்கு ஓட்டத் தெரியும். சாவி என் பாக்கெட்டில் இருந்தது என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையைத் தினம் காலையில் விழுங்குவாள். உடம்பில் இருக்கிற நீரை வெளியே தள்ளுகிற மாத்திரை. எங்களுடையது மாதிரியான முயற்சிக்கு இதைவிடப் பொருந்தாத மருந்து இருக்க முடியாது. அதையும் சொல்லிக் காட்டாமல் பொறுத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டாம் நாள் டேங்கைக் கைவிளக்கடித்துப் பார்த்தேன். பதினைந்து கேலன் இருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நாற்பது நாள், நாற்பது கேலன் என்பதைக் கர்ட் எப்படியாவது ஒத்துக்கொண்டுவிடுவான். ஆனால் நாற்பது நாள், முப்பது கேலன் என்றால்? அடுத்த ஜனவரியில் அவனால் வாயைத் திறக்க முடியாது. சொல்லிப் பாருங்கள், ஓசையும் நன்றாக இருக்கிறது.

மறுநாள் அவள் வெளியே நிழலில் இருந்தபோது நான்கு கேலனை இரண்டு குடுவைகளில் பிடித்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில் இருக்கிற வால்வைத் திருகி அடைத்தேன். அவள் வந்து குழாயைத் திறந்தபோது பம்ப் இருமியது. டேங்க் வறண்டால் வருகிற அதே இருமல். அவள் சிங்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஆளுக்கு ஒரு குடுவை என்றேன்.

"எட்டு நாளைக்கு நாலு கேலன். கணக்கு இடிக்குதே கமிஷனர்" என்றாள்.

பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கடைசி நாளில் வால்வைத் திறந்து அவளை ஆச்சரியப்படுத்துவதாக இருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளவில்லை என்று கவனித்தேன்.

அடுத்த மூன்று நாளும் அவளுடைய குடுவை ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. குடிக்கிறாள் என்று நினைத்தேன். உதடு வெடித்திருந்தது. பேச்சு குழறியது. பகல் முழுவதும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்தாம் நாள் அவளுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். வியர்வை என்பதும் தண்ணீர் வீணாவதுதான்.

முப்பத்தாறாம் நாள் மத்தியானம் காற்று பலமாக அடித்து வண்டி ஆடியது. லோர்னா தலையணையை ஒதுக்கிவிட்டு மெத்தையில் காதை வைத்துப் படுத்திருந்தாள். இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"ஆர்வில், அடியில தண்ணி அலம்புற சத்தம் கேக்குது."

"காத்து."

"காத்து இல்ல. தண்ணி."

"தாகமா இருந்தா அப்படித்தான் கேக்கும், லோர்னா."

"அப்படியா?" என்றாள். மெத்தையிலிருந்து காதை எடுக்காமலே, "நீ சொன்னா சரி" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில்: அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

காலையில் நீங்கள் வந்தீர்கள். கதவை இடித்துத் திறந்து, உங்கள் பாட்டிலை அவள் வாயில் சரித்தீர்கள். ஒரு மிடறுகூட உள்ளே போகவில்லை. முழுவதும் தலையணைக்குப் போயிற்று. உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

பிறகு சிங்க்குக்கு அடியில் கையை விட்டு, வினிகர் புட்டிகள் மூன்றை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தீர்கள். எல்லாவற்றிலும் கழுத்துவரை தண்ணீர். அவளுடைய சிவப்பு நகச்சாயத்தால் ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. 'ஆர்வில் 38.' 'ஆர்வில் 39.' 'ஆர்வில் 40.' கடைசி எழுத்துகள் கோணலாக இருந்தன.

"சார், இது என்னன்னு புரியுதா உங்களுக்கு?" என்று கேட்டீர்கள்.

புரிகிறது. அவளுக்குக் கொடுக்கவேண்டிய பங்கை நான் ஒரு சொட்டுக்கூடக் குறைக்கவில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். கொடுத்தேன், அவள் குடிக்கவில்லை. நாற்பதாம் நாளை நான் தொடவேண்டும் என்று அவளாகவே ஒதுக்கி வைத்திருக்கிறாள். தாகத்தில் செத்தாள் என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிடிவாதத்தில் செத்தாள் என்று எழுதுங்கள். கர்ட் ஒட்டிய நாடா கிழியவில்லை, அதையும் எழுதுங்கள். வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

டேங்கில் பதினோரு கேலன் இருக்கிறது.