இரு நாட்டு வாசலிலும் இன்முகம் காட்டிய அபூ ரக்கானுக்கு

டமாஸ்கஸ் மாநகரில் ஜோர்டான் தூதரகத்தின் வாசலை, உறவு முறிந்தபோது பூட்டியும் உறவு மலர்ந்தபோது தூசி தட்டியும், முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் காத்த நெறிமுறை அதிகாரியே! கோபங்களையெல்லாம் கோப்புக்குள் மடித்துவைத்த குணக்குன்றே! மிஸ்பாஹ் ஹத்தாதீன் என்னும் எங்கள் அபூ ரக்கானே! நீங்கள் ஓய்வு பெற்றுப் போனபின் இவ்வாசல் திறந்திருக்குமா என்ற கேள்வியோடு, வாழ்த்த வந்து நிற்கிறோம்.

போற்றுமுன், இம்மடலை எழுதிய மூன்றாம் செயலாளர் மாஹிர் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அறுந்த உறவு மீண்டும் அரும்பிய நாளில், சிரிய நாட்டு அதிகாரி ஒருவரின் வரவேற்பறையில் உங்களுக்கும் மாஹிருக்கும் கசப்புக் காப்பி வந்தது. மாஹிரின் இரு கைகளிலும் காகிதம். ஒரு மிடறும் பருகாமல் மாஹிர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் அரபு வழக்கில், பருகாமல் வைப்பவன் ஏதோ வேண்டி வந்தவன். கேட்டதைக் கொடுக்காமல் அனுப்புவது வீட்டுக்காரருக்கு இழுக்கு. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இதைப் பட்டம் வாங்கிய மாஹிர் மறந்தான்.

"என்ன தம்பி, என்ன கேட்டு வந்தீங்க?" என்றார் அதிகாரி. விடை கூரையில் எழுதியிருக்கிறதா என்று மாஹிர் அண்ணாந்து பார்த்தான்.

அப்போதன்றோ ஐயா, உங்கள் கோப்பையையும் நீங்கள் கீழே வைத்தீர்கள்! "பையன் சொல்ல வெக்கப்படுறான். எல்லையில எங்க தக்காளி லாரிங்க பதினோரு நாளா நிக்குது. இன்னும் ரெண்டு நாள் போனா சாறாத்தான் உங்க ஊருக்கு வந்து சேரும்."

அந்த அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "குடிங்க அபூ ரக்கான், லாரி வரும். இந்தப் பையன இனிமே வெறுங்கையோட கூட்டிட்டு வாங்க!"

லாரிகள் வந்தன. நம் தலைநகர் அம்மானுக்குப் போன அறிக்கையில், காப்பியைப் பருகாமல் வைத்ததை 'நயமான நகர்வு' என்று மாஹிரின் பெயரிலேயே எழுதிய உங்கள் பெருந்தன்மையை எந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவோம்! துக்க வீட்டுக்கு முதல் ஆளாய்ப் போனீர்கள். வெற்றி விழாவுக்குக் கடைசி ஆளாய்ப் போனீர்கள். விருந்தில் எவர் அருகே எவர் அமரக்கூடாது என்பதைத் தாள் பாராமல் சொன்னீர்கள்.

ஆயினும் ஐயா, நேரான பதில் மட்டும் உங்களிடம் கிடைத்ததேயில்லை. இவ்வாரமும் இரு தலைநகரங்களின் அறிக்கைகள் சூடேறுகின்றன. செய்தி நேரம் வந்தால் எங்களில் பாதிப் பேர் ஊர் திரும்பத் துணிப்பெட்டியைத் தேடுகிறோம். ஜோர்டானின் இர்பித் நகரில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் மனைவி சஹரை இங்கே அழைத்து வரலாமா, இந்த இரு நாட்டு உறவு நிலைக்குமா என்று மாஹிர் ஓராண்டாகக் கேட்டான். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாப்போம்" என்றீர்கள். இன்னொரு நாள், "வீடு பாரு, ஆனா பாத்திரம் வாங்காத" என்றீர்கள்.

உங்கள் சொந்த ஊர் மதாபாவின் வெயிலில், முழங்கால் வலியும் தொலைபேசி மணியும் தீண்டாமல், பேரப்பிள்ளைகளின் சண்டைகளை மட்டும் சமரசம் செய்தபடி நூறாண்டு நலமாய் வாழுங்கள்!

இம்மடலைச் செப்பனிட்டு எழுதும் முன், இன்று காலை மாஹிர் கடைசியாக ஒருமுறை கேட்டான். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள்:

"தெரியாதுடா. முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல. என் மூணு பிள்ளைங்களும் அப்படித்தான் இங்க வளந்தாங்க. போய் அவளக் கூட்டிட்டு வா."

உங்களைப் பிரிய மனமில்லாத
தூதரகப் பணியாளர்கள், டமாஸ்கஸ்