எதிர்க்காற்று நாளில் ஒரு இருக்கை

— கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கக்கா. போன வாரம் நாலு மணி நேரத்துல போய்ச் சேர்ந்தேன். இன்னைக்கு மட்டும் அந்தத் தீவு எப்படி அஞ்சு மணி நேரத்துக்குத் தள்ளிப் போச்சு?

— தீவு அங்கேயேதான் இருக்கு கேப்டன். தூரம் ஒரு கிலோமீட்டர் கூடல. காத்துதான் திரும்பிடுச்சு. வழி முழுக்க மூஞ்சியில அடிக்கும்.

— அதுக்கு ஃபிளைட்லேர்ந்து ஒரு ஆளை இறக்கணுமா?

— ஒரு மணி நேர ஃபியூல் அதிகம் ஏத்தணும். அந்த எடையை வேற எங்கயாவது கொறைச்சாகணும்.

— தபால் பையை விட்டுட்டுப் போறேன்.

— விட்டாச்சு. காய்கறிக் கூடையும் இறக்கியாச்சு. மிச்சம் ஆஸ்பத்திரி மருந்து. அதைத் தொட மாட்டேன்.

— எல்லாத்துக்கும் பதில் தயாரா இருக்கு. காலுல புதுச் செருப்பு வேற. காலைலயே யாரோட மல்லுக்கு நிக்கக் கெளம்பினீங்க?

— செருப்பு இருக்கட்டும். தாளைப் பாருங்க.

— பாக்குறேன். அங்க இறங்க முடியலன்னா மேல சுத்திக்கிட்டிருக்க ரெண்டு மணி நேர ஃபியூல். இதுல அரை மணியைக் கொறைங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?

— கடலுக்குத் தெரியும். அந்தத் தீவை விட்டா நீங்க இறங்க வேற எடம் இல்ல. மழை ரன்வேயை மூடிட்டா மேலயேதான் காத்திருக்கணும்.

— இருபது வருஷமா ஓட்டுறேன். ஒரு நாளும் ஃபியூல் பத்தாமப் போனதில்ல.

— இந்த மேசையில யாரும் அரை மணியைக் கொறைச்சதில்ல. அதனாலதான்.

— உங்களுக்கு நெஞ்சுக்குள்ள இருக்கிறது என்ன, கால்குலேட்டரா? சரி, யாரை இறக்குறது?

— கடைசியா டிக்கெட் வாங்கினவங்களை. எப்பவும் அப்படித்தானே. யாராவது விட்டுத் தர்றீங்களான்னு கவுண்டர்ல கேட்டும் பாத்தாங்க. ஒருத்தரும் அசையல.

— கடைசியா வாங்கினது யாரு?

— ஒரு அம்மா. பொண்ணுக்கு அந்தத் தீவுல நாளன்னிக்குக் காலைல ஆபரேஷன். ஏழு வருஷமா முகம் குடுத்துப் பேசாத பொண்ணு. முந்தாநேத்து போன் பண்ணி, வாம்மான்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா.

— அடுத்த ஃபிளைட்?

— அடுத்த வாரம்.

— இது தெரிஞ்சுமாக்கா?

— தெரிஞ்சுதான். அந்தம்மாவுக்காக அரை மணியைத் திருடிட்டு, மத்த எட்டுப் பேரு வீட்டுல நான் என்னன்னு போய் நிக்கிறது?

— கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா மூஞ்சியைப் பாத்துச் சொல்லணுமே.

— சொல்லிக்கலாம். கையெழுத்தைப் போடுங்க.

— அதெப்படி? தாளுல ஒரு பேரை அடிச்சிட்டு, காக்பிட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்க என்னால முடியாது. ஓட்டப்போறவன் நான். நானே சொல்றேன். எங்க உக்காந்திருக்காங்க?

— உங்க எதிர்லதான். கையெழுத்தைப் போடுங்க தம்பி, நேரமாகுது.