இடக்கை முறுக்கு

— கம்பியில கைய வெக்க வேணாம், நிஷாந்தினி! பொலிஸ் வந்து பாக்கட்டும்.

— எதங்க பாக்கணும், ஸமீம் மொதலாளி?

— அறுத்தீக்கிறத. என்ட தம்பி அர்கம்ட வேல. அவன்ட மாடு என்ட மொளகுக் கொடிய மிதிக்கிதுன்னு மூணு தரம் முறைப்பாடு குடுத்தன். சாட்சி இல்லன்னு அனுப்பிட்டாங்க. இப்ப வேலியவே ஆறு எடத்துல அறுத்தீக்கிறான். வேலி அடிச்ச ஆள் நீங்க, தானா அறுந்ததில்ல, வெட்டின வெட்டுத்தான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.

— சொல்லத்தான் ஹந்தானையிலருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன். ஆனா எங்கங்க அறுந்திருக்கு?

— கண்ணு தெரியல்லயா? அந்தா, கொய்யா மரத்தடியில.

— அங்க கட்டியிருக்கு. பக்கத்துலயும் கட்டியிருக்கு. அட, ஆறையும் கட்டியாச்சுங்க!

— என்ன கத பேசுறீங்க! நேத்துப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு தொங்கிட்டிருந்திச்சே.

— நேத்தா? இன்னைக்குக் காலையிலதான் கண்டேன்னு ஃபோன்ல சொன்னீங்க.

— அத வுடுங்க. நீங்களா கட்டின?

— நான் இப்பத்தானே வர்றேன்! இது என் கட்டும் இல்ல. நான் வலது பக்கமா சுத்துவேன். இது ஆறும் எதிர்ப்பக்கம். இடது கைக்காரங்க யாரோ.

— இடது கையா?

— ஏங்க, தெரிஞ்ச ஆளா?

— அர்கம்தான். சின்னதுல சோறு தின்னுற நேரம் வாப்பா அவன்ட இடது கையத் துணியால கட்டி வெப்பார். சோத்துக்கு வலது கை பழகிச்சி. குறடு புடிக்க மட்டும் பழகவே இல்ல.

— நல்லாத்தான் கட்டியிருக்காரு. நுனியப் பாருங்க.

— நுனிக்கு என்ன?

— வெட்டு நுனி ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். எல்லாரும் அடுத்த பக்கம்தான் தள்ளிவிடுவாங்க. இவரு ஆறையும் தன் பக்கமே மடிச்சிருக்காரு. இங்க கொய்யா பொறுக்க யாருங்க வர்றது?

— என்ட மகள். இல்மா.

— ம்ம். நீங்களும் தம்பியும் பேசி மூணு வருஷம்னீங்க.

— காணி பிரிச்ச நாள்ல இருந்து.

— எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. கட்டுறவரு எதுக்கு அறுக்கணும்? பொலிஸ் கேட்டா நான் என்ன சொல்றது?

— ஒண்ணும் சொல்ல வேணாம். வர வேணாம்னு ஃபோன் எடுக்கிறன்.

— அப்படி எப்படிங்க? பொறகு மனசு கேக்காம கட்டினாலும், அறுத்தது அறுத்ததுதானே?

— அவன் அறுத்ததக் கட்டல்ல, தங்கச்சி. நான் அறுத்ததத்தான் கட்டியீக்கிறான்.